ஆலோசகர் – 1, நாட்கள் – 20

வெளிநாட்டு நிதிக்கு எழுதப்படுகிற ஒரு முன்மொழிவின் பாதீட்டை எடுத்துப் பாருங்கள். அநேகமாக எங்காவது இப்படி ஒரு வரி இருக்கும்: "ஆலோசகர் – 1, நாட்கள் – 20". பக்கத்தில் ஒரு நாள் கட்டணம், அதற்குப் பக்கத்தில் மொத்தம். அந்த 20 நாளும் அவர் எங்கே இருப்பார், யாரோடு கதைப்பார், போகும்போது எதை விட்டுவிட்டுப் போவார் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்காது. எழுதப்பட்டிருந்தாலும் "தொழில்நுட்ப ஆதரவு வழங்கல்", "திறன் விருத்தி" என்று, எந்தச் செயற்றிட்டத்துக்கும் வெட்டி ஒட்டக்கூடிய மாதிரித்தான் இருக்கும்.

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். அலுப்பான விசயம் எண்டு நினைப்பீங்கள். ஆனால் வடக்குக் கிழக்கில் கலைப்பீடத்தில் படிக்கிற கனபேருக்கு முதல் சம்பளம் வருவதே இந்த வரிக்குக் கீழேதான். ஆலோசகருக்குத் தரவு சேகரித்துக் கொடுப்பவர், ஆலோசகருக்கு மொழிபெயர்ப்பவர், ஆலோசகரின் கூட்டத்தில் குறிப்பு எடுப்பவர். அவருடைய வேலை என்ன என்பது தெளிவாக இல்லாவிட்டால் எங்கள் வேலையும் தெளிவாக இராது.

நாங்கள் நாலு பேர். ஒருவர் சமூகவியல், ஒருவர் பொருளியல், ஒருவர் புவியியல், ஒருவர் தமிழ். விடுமுறை வந்தால் இப்படியான வேலைகளுக்குப் போவோம். இந்த வருடம் பச்சிலைப்பள்ளிப் பக்கம் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் தங்களுக்கு ஒரு முன்மொழிவு எழுத உதவி கேட்டது. ஒடியல், புழுக்கொடியல், ஒடியல்மா என்று பனங்கிழங்கில் செய்கிற பொருட்களை நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அதுவரை மற்றவர்கள் எழுதின வரிக்குக் கீழே வேலை செய்த நாங்கள் முதல் தடவையாக அந்த வரியை எழுதுகிற பக்கம் போய் இருந்தோம்.

முதலில் ஒரு அடிப்படை வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஊழியர் வேறு, ஆலோசகர் வேறு. ஊழியர் நாளாந்தம் வந்து, ஒருவரின் மேற்பார்வையில், செயற்றிட்டம் ஓடுகிற காலம் முழுக்க வேலை செய்பவர். ஆலோசகர் அந்த அமைப்புக்குள் இல்லாத ஒரு அறிவைக் குறிப்பிட்ட நாட்களுக்குக் கொண்டுவந்து, குறிப்பிட்ட ஒரு பொருளைக் கையளித்துவிட்டுப் போகிறவர். அந்தப் பொருள் ஒரு அறிக்கையாக இருக்கலாம், ஒரு பயிற்சிக் கைந்நூலாக இருக்கலாம், ஒரு கணக்கு முறையாக இருக்கலாம். நிதி வழங்குநர்களும் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியப் பாதீட்டுப் படிவத்தில் முதல் தலைப்பு மனித வளம். ஆய்வு, மதிப்பீடு, மொழிபெயர்ப்பு போன்ற வெளியில் வாங்குகிற சேவைகள் வேறொரு தலைப்பின் கீழ் வரும். மறைமுகச் செலவுகளுக்கு 7% என்று உச்சவரம்பும் உண்டு.

இந்த வேறுபாடு காகிதத்துக்கு மட்டும் உரியதில்லை. எங்கள் நாட்டில் ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் 12%, ஊழியர் 8% கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலை கொடுப்பவர் இன்னும் 3%. ஆக, ஒருவரை ஊழியர் எண்டு எழுதினால் சம்பளத்துக்கு மேலே 15%. அதே ஆளை ஆலோசகர் எண்டு எழுதினால் அது மிச்சம். எங்களுக்கு மூத்த பட்ச் அக்கா ஒருத்தி 11 மாதம் ஒரு அலுவலகத்தில் வேலை செய்தா. காலமை எட்டரைக்குக் கையெழுத்து, லீவு எடுக்க அனுமதி, வாராவாரம் களப்பயணம். ஒப்பந்தத்தில் மட்டும் "ஆலோசகர்". சேமலாப நிதி இல்லை, மகப்பேற்று விடுமுறை இல்லை, ஒப்பந்தம் முடிந்ததும் ஒன்றும் இல்லை. "பேர் பெரிசடி, பொக்கற்தான் சின்னன்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னா. சிரிக்கிற விசயம் இல்லை.

ஆகவே ஆலோசகர் என்று எழுதும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது உண்மையிலேயே ஆலோசகருக்குரிய வேலையா, இல்லாவிட்டால் ஒரு ஊழியரின் வேலைக்கு வேறு பெயரா?

இனிச் சங்கத்தின் கதைக்கு வருவோம். மாதிரிக்கு என்று யாரோ அவர்களுக்கு ஒரு பழைய முன்மொழிவு கொடுத்திருந்தார்கள். அதில் "மதிப்புச் சங்கிலி ஆலோசகர், 20 நாட்கள், ஓகஸ்ட்" என்று இருந்தது. அதையே எடுத்துப் போடலாமா எண்டு கேட்டினம். அப்ப அங்க இருந்த வயதான அம்மா ஒருத்தர் கேட்டா: "ஓகஸ்ட்டில வந்து இந்த ஆள் என்னத்தப் பாக்கப் போறார் பிள்ளையள்? அந்த நேரம் நாங்கள் அவருக்குப் பனம்பழத்தைத்தான் காட்டலாம்."

பனை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். ஆவணி, புரட்டாதியில் பழம் விழும். கொட்டையைப் பொறுக்கிப் பாத்தி போட்டால் தை, மாசியில்தான் கிழங்கு பிடுங்கலாம். பச்சையாய்க் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இரண்டுக்கும் வெயில் வேண்டும். ஓகஸ்ட்டில் வருகிறவர் வேலையைப் பார்க்க முடியாது. வேலையைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதத்தான் முடியும். ஒரு மாதத்தின் பெயர் மாறினால் ஆலோசகரின் அறிக்கை முழுவதும் மாறும். பணிவரையறையில், எல்லாரும் "ரி.ஓ.ஆர்." என்று சொல்கிற அந்தத் தாளில், எத்தனை நாள் என்பதைப் போல எந்தக் காலம் என்பதும் இருக்க வேண்டும் என்று அன்று அந்த அம்மாவின் வாயால் கேட்டோம்.

அதற்குப் பிறகு மாதிரி முன்மொழிவை மூடி வைத்துவிட்டு, ஒரு பழைய கலண்டர் தாளைத் திருப்பி மூன்று நிரல் போட்டோம். தெரிந்தது. தெரியாதது. தெரிந்தும் செய்ய ஏலாதது.

தெரிந்தது நிரல் நிரம்பி வழிந்தது. எந்த மண்ணில் கிழங்கு பருக்கும், எத்தனை நாள் காயவிட வேண்டும், எந்தக் கடைக்காரர் கடனுக்கு எடுத்துக்கொண்டு ஏமாத்துவார், சித்திரைக்கு முதல் விற்காவிட்டால் விலை என்ன ஆகும். எல்லாம் அவர்களுக்குத் தெரியும். மாதிரி முன்மொழிவில் ஆலோசகர் 20 நாளில் "கண்டறிய" வேண்டியதில் பெரும்பகுதி இதுதான்.

தெரிந்தும் செய்ய ஏலாதது நிரலில் வந்தவை: மழை தூறினால் காயவைக்க இடம் இல்லை, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை, அரைக்கிற மில் தூரம். இதற்கு ஆலோசகர் தேவையில்லை. கூரை, உலர்த்தி, போக்குவரத்துக் காசு தேவை. பல முன்மொழிவுகளில் நடப்பது இந்த நிரலுக்குரிய காசு ஆலோசகரிடம் போய், அவர் "உலர்த்தும் வசதி இன்மை ஒரு பிரதான தடையாக உள்ளது" என்று எழுதித் தருவது. அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நடு நிரலில்தான் ஆலோசகருக்கு இடம். அதில் கடைசியாக நின்றவை நாலு. பக்கற்றில் அடைத்த மா எத்தனை மாதம் பழுதாகாமல் இருக்கும்? லேபலில் என்னென்ன போட வேண்டும்? தங்களுடைய உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ உண்மையில் எவ்வளவு முடிகிறது? கொழும்புக் கடைகளோடு எப்படி ஒப்பந்தம் போடுவது?

இந்த நாலையும் கூட உடனே விலைக்கு வாங்கத் தேவையில்லை. லேபல் விசயம் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தோடும் அதன் ஒழுங்குவிதிகளோடும் சம்பந்தப்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் கேட்கலாம். பனைக்கென்றே பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மக்களின் வரிப்பணத்தில் இருக்கிற அறிவைக் கேட்டுப் பார்க்க முதல் அதையே தனியாரிடம் காசு கொடுத்து வாங்கத் திட்டம் போடுவது சரியில்லை என்பது எங்கள் கருத்து. அதற்குப் பிறகு மிஞ்சியது இரண்டு வேலை. பொதி செய்தலுக்கும் பழுதாகாமல் வைத்திருப்பதற்கும் உணவுத் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர், மாசி மாதத்தில் 6 நாள். செலவுக் கணக்குக்கும் ஒப்பந்தத்துக்கும் ஒருவர், 4 நாள். இருபது பத்தாகியது. பத்து நாளும் என்னத்துக்கு என்று எவருக்கும் சொல்லக்கூடியதாக இருந்தது.

மிஞ்சின பத்து நாள் காசை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. சங்கத்தில் இரண்டு அம்மாமாருக்கு முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம். மற்ற ஊர்ப் பெண்களுக்குப் பழக்கப் போவதே அவர்கள்தான். சமூகவியல் தோழி, "அவையளையும் ஆலோசகர் எண்டே போடுவம், அதே நாள் கட்டணம்" என்றாள். பொருளியல்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. நிதி வழங்குநர் தகைமை கேட்பார், முதுமாணியும் பத்து வருட அனுபவமும் கேட்கிற இடத்தில் இதைப் போட்டால் முழு முன்மொழிவையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்றான். இரண்டு பேரும் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தகைமை என்ற பெட்டியை யார் வடிவமைக்கிறார்களோ அவர்கள்தான் யாருடைய அறிவு அறிவு எண்டு தீர்மானிக்கினம். அதேநேரம் அந்தப் பெட்டியை நிரப்பாமல் காசு வருவதும் இல்லை.

சண்டையை முடித்தது தலைவி அக்கா. "எங்களுக்கு அந்த ரேட் வேண்டாம். ஊருக்குள்ள கதை வரும், சங்கம் ரெண்டாப் போயிடும். வளவாளர் எண்டு போடுங்கோ, ஒரு நாளுக்கு இவ்வளவு எண்டு நாங்களே சொல்லுறம், அதில பாதி சங்கத்துக் கணக்குக்குப் போகட்டும்." நாங்கள் நியாயம் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம், அக்கா அந்தக் காசு வந்தபிறகு ஊரில் எப்படி வாழ்வது என்று யோசித்தா. அவர்கள் சொன்ன தொகையே போனது. தகைமைப் பெட்டியில் "குறைந்தது 15 வருட நேரடி அனுபவம்" என்று எழுதினோம். படிப்புப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இந்தப் பிரச்சினை எங்களூரில் தொடங்கினதில்லை. அமெரிக்காவின் யூஎஸ்எயிட் நிறுவனத்துக்காக 1969இல் லொக்பிறேம் என்ற அட்டவணை உருவாக்கப்பட்டபோதே, வேலைகள், வெளியீடுகள், நோக்கம், இலக்கு என்று எல்லாவற்றையும் கட்டங்களுக்குள் அடுக்குகிற பழக்கம் வந்துவிட்டது. கட்டம் நிரப்பத் தெரிந்தவர் தேவைப்பட்டார். 1993இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் ஆபிரிக்காவைப் பற்றி வெளியிட்ட, எலியட் பேர்க் தலைமையிலான ஆய்வு, வெளிநாட்டு நிபுணரைக் கொண்டுவந்து உள்ளூர் அதிகாரிக்குப் பக்கத்தில் இருத்தி வைத்தால் திறன் தானாக வளரும் என்ற முறை வேலை செய்யவில்லை என்று சொன்னது. 2005இல் பாரிஸ் பிரகடனம் வந்தது. தொழில்நுட்ப உதவி அந்தந்த நாட்டின் திட்டங்களோடு இணைய வேண்டும் என்றது. 2016இல் இஸ்தான்புல்லில் பெரிய நிதி வழங்குநர்கள் கூடி, மனிதாபிமான நிதியில் குறைந்தது 25% ஆவது 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றளவு நேரடியாகப் போகும் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். அந்த இலக்குக்குக் கிட்டவும் போகவில்லை. சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் எங்கள் ஊர்களுக்குள் வந்த வாகனங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டதும், அதே வருடம் ஜூலையில் யூஎஸ்எயிட் மூடப்பட்டதும் இன்னொன்றைக் காட்டியது. காசு நிண்டால் ஆலோசகரும் நிற்பார். அப்போது ஊரில் மிஞ்சுவது அவர் கையளித்துவிட்டுப் போனது மட்டும்தான். அது ஒரு கொழும்பு அலுவலகத்தின் கணினிக்குள் இருக்கிற ஆங்கில அறிக்கை என்றால் ஊருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இதில் எங்களுக்கு நேரடியாகவே ஒரு மனக்குறை இருக்கிறது. முந்தின வருடம் ஒரு செயற்றிட்டத்தின் இறுதி மதிப்பீட்டுக்கு நாங்கள் தரவு சேகரித்தோம். மதிப்பீட்டுக்கு ஓஈசிடி நாடுகளின் ஆறு அளவுகோல்கள் உண்டு: பொருத்தம், ஒத்திசைவு, பயன்விளைவு, வினைத்திறன், தாக்கம், நிலைத்திருத்தல். அந்த ஆறுக்கும் கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. "நிலைத்திருத்தல்" என்பதை வீட்டு முற்றத்தில் இருக்கிற ஒருவரிடம் எப்படிக் கேட்பது? தமிழ் படிக்கிறவள்தான் அதை "இவை போன பிறகும் இது ஓடுமோ அம்மா?" எண்டு மாத்தினாள். அந்தக் கேள்விக்குத்தான் ஆட்கள் வாய்திறந்து கதைத்தார்கள். அறிக்கை வந்தது. அதில் எங்களுடைய பெயர் எங்கேயும் இல்லை. பெயரைக் கூட விடுவோம். கதைத்த ஆட்கள் எங்களைத் தெருவில் கண்டு, "பிள்ளையள், அண்டைக்கு எழுதிக்கொண்டு போனியள், என்ன நடந்தது?" என்று கேட்டபோது கொடுக்க எங்களிடம் ஒரு தாளும் இல்லை. தமிழில் ஒரு சுருக்கம் வேண்டும் என்று பணிவரையறையில் யாரும் எழுதவில்லை. எழுதாததற்குக் காசு ஒதுக்கப்படாது. காசு ஒதுக்காத வேலையை எவரும் செய்யார்.

அதனால் சங்கத்தின் முன்மொழிவில் இதையெல்லாம் பாதீட்டு வரியாகவே போட்டோம். தமிழில் நாலு பக்கச் சுருக்கம், மொழிபெயர்ப்புக்கு இவ்வளவு. தரவு சேகரிப்பவர்களின் பெயர் அவர்கள் விரும்பினால் அறிக்கையில். வடிவமைத்தவரே மதிப்பீடு செய்யக்கூடாது. கடைசியாகச் சொன்னது நாங்கள் கண்டுபிடித்த விதி இல்லை. உலக வங்கியின் விதிகளிலும், ஒரு வேலைக்குப் பணிவரையறை எழுதின ஆலோசகரை அதே வேலைக்கு எடுக்கக்கூடாது என்று இருக்கிறது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த எங்கள் மாவட்டங்களில் இது இன்னும் கூடத் தேவை. அதனாலேயே, எங்கள் நாலு பேரில் ஒருவரும் இந்தச் செயற்றிட்டத்தில் காசு வாங்குகிற எந்த வேலைக்கும் வருவதில்லை எண்டு முதலே சொல்லிவிட்டோம். புவியியல்காரனுக்கு இதில் கொஞ்சம் கவலைதான். அவனுக்கு அந்த விடுமுறைக் காசு தேவை.

ஏனென்றால் நாங்களும் இந்த உலகத்துக்கு வெளியே நிண்டு கதைக்கவில்லை. கலைப்பட்டதாரிக்கு முன்னால் இருக்கிற பாதைகள் உங்களுக்குத் தெரியும்: அரச நியமனத்துக்குக் காத்திருப்பது, ஆசிரியத் தொழில், வெளிநாடு, இல்லாவிட்டால் இப்படியான வேலை. எங்களில் இரண்டு பேர் ஆலோசகராக வரவே விரும்புகிறார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஊரின் மொழியும் தெரிந்து, படிவத்தின் மொழியும் தெரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருப்பது நல்லதே. நல்ல ஆலோசகர்களையும் கண்டிருக்கிறோம். தன்னுடைய வேலை முடிந்தது, இனி நான் தேவையில்லை என்று 20 நாளில் 14ஐ மட்டும் கணக்குப் போட்டு விலைச்சிட்டை கொடுத்த ஒருவரையும் தெரியும்.

அடுத்த விடுமுறைக்கு உங்களில் யாராவது இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போனால், வைக்க முதல் கேளுங்கள். நான் கையளிக்க வேண்டிய பொருள் என்ன? யாருக்குக் கையளிக்கிறேன், யார் அதை ஏற்றுக்கொள்வார்? எத்தனை நாள், களத்தில் எத்தனை, எழுத எத்தனை? பயணச் செலவு கட்டணத்துக்குள்ளா, வெளியேயா? காசு எத்தனை தவணை, எதற்குப் பிறகு எது? நான் சேகரித்த தரவு யாருடையது? இதைக் கேட்கிறதால் வேலை போகும் எண்டு பயப்படத் தேவையில்லை. ஒழுங்கான இடத்தில் பதில் தயாராக இருக்கும். பதில் இல்லாத இடம் எப்படிப்பட்டது என்று முதலே விளங்கிவிடும்.

சங்கத்தின் முன்மொழிவு போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. அனுப்ப முதல்நாள் இரவு கடைசித் தடவையாக எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக் காட்டினோம். ஆலோசகரின் கொடுப்பனவு மூன்று தவணை என்று இருந்தது: தொடக்கத்தில் 30%, வரைவுக்கு 40%, இறுதி அறிக்கைக்கு 30%. தலைவி அக்கா அந்தக் கடைசி 30இல் கையை வைத்தா. "இதை மாத்துங்கோ. எங்கட கூட்டத்தில வந்து தமிழில சொல்லி, நாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் குடுக்கிறது எண்டு போடுங்கோ. காசு வாங்கிக்கொண்டு போன பிறகு நான் ஆரிட்டக் கேக்கிறது?"

மாற்றினோம். ஆங்கிலத்தில் அது ஒரே ஒரு வசனம். எந்த மாதிரி முன்மொழிவிலும் நாங்கள் அதுவரை அதைக் கண்டதில்லை.